மீகஸ்தெனியத் துறைமுகத்துக்குப் பாலம் கேட்டவள்

மாத்தளை மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. இதற்கு மாவட்டத்தில் யாரும் பொறுப்பல்ல. எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் அரைநாள் குலுங்கிக் கிடந்த பிறகுதான் உப்புக்காற்று முகத்தில் படும். மிளகு, கொக்கோ, நெல், லக்கலப் பக்கம் யானைத் தொல்லை என்று வேறு பல விஷயங்கள் இங்கே தாராளமாக உண்டு. கடல் இல்லையே என்று தொண்ணூறுகளின் நடுப்பகுதிவரை யாரும் கவலைப்பட்டதில்லை.

அப்போதுதான் கொழும்பில் 'கப்பல் நாமகரண விசேட செயலணி' என்று ஒன்று பிறந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஆஸ்பத்திரிகளில் மருந்து இருக்கவில்லை, பள்ளிக்கூடங்களில் வாத்தியார் இருக்கவில்லை, செயலணிகளுக்கு மட்டும் ஒருநாளும் தட்டுப்பாடு வந்ததில்லை. புதிய போர்க்கப்பல்களுக்கு உள்ளூர்த் துறைமுக நகரங்களின் பெயரைச் சூட்டுவதென்று செயலணி தீர்மானித்தது. அதோடு விட்டிருக்கலாம். ஒரு மாவட்டத்துக்குக் கப்பல் கொடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்காவிட்டால் பாகுபாடு என்று பேச்சு வருமே என்று யாரோ ஒரு நியாயவான் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டார். ஆகவே எல்லா மாவட்டங்களும் தலைக்கொரு துறைமுக நகரத்தைப் பிரேரிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை புறப்பட்டது. 'இல்லை' என்ற பதில் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது என்று அதன் அடியில் தடித்த எழுத்தில் அடித்திருந்தார்கள்.

சுற்றறிக்கை படியிறங்கிப் படியிறங்கி, லக்கலப் பாதையில் இருந்த ஒரு சின்னக் காரியாலயத்தில் வந்து விழுந்தது. அதற்குக் கீழே படி இல்லை. அங்கே பெரியவர் விஜேகோன். நல்ல மனிதர். ஓய்வுபெறக் கொஞ்சக் காலமே இருந்த நல்ல மனிதர். அந்த வகை ஆட்களால் இந்த நாட்டுக்கு வந்த கேடு கொஞ்சநஞ்சமல்ல. அவருக்கு அடுத்த கதிரையில் பிரதம லிகிதர் இராஜசிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர். குடும்பத்தைக் கொழும்பில் ஓர் அறையில் வைத்துவிட்டு, சனிக்கிழமை தோறும் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறிப் போய் வருகிறவர்.

"கடல் இல்லை என்று எழுதிவிடுவோமா?" என்று விஜேகோன் சிங்களத்தில் கேட்டார்.

இராஜசிங்கத்துக்கு வியர்த்துவிட்டது. "சேர், கடற்படைக் கப்பலுக்கு ஊர் தர முடியாது என்று கடிதம் போகும். கீழே தயாரித்தவர் என்று என் பெயர் இருக்கும். அந்தப் பெயரோடு அந்தக் கடிதம் போனால் நான் சனிக்கிழமை வீட்டுக்குப் போய்ச் சேர மாட்டேன்."

விஜேகோன் நல்ல மனிதர் என்று சொன்னேனே. அவர் ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து காரியாலயம் முழுவதும் வேலையை விட்டுவிட்டுக் கடலைத் தேடியது. ஒருவர் குளத்தைச் சொன்னார். இன்னொருவர் தன் மாமியார் வீட்டுக் கிணறு வற்றுவதே இல்லை என்றார். எதிலும் கப்பலுக்கு உறவான எதுவும் கிடைக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை, பொதுமக்கள் வந்து குறை சொல்லும் நாளில், மீகஸ்தெனியத் தோட்டத்துக் காத்தாயி வந்தாள். மிளகு பறிக்கிறவள். பாலம் கேட்க வந்தவள். தொழிலாளர் வீட்டு வரிசைகளான மீகஸ்தெனிய லயங்களுக்கும் பஸ் போகும் பாதைக்கும் நடுவே ஓயா என்கிற காட்டாறு ஓடுகிறது. ஆடி ஆவணியில் நடந்தே கடக்கலாம். மழை தொடங்கினால் காத்தாயியின் புருஷன் முத்துவீரன், கரைக்குக் கரை கட்டிய வடத்தைப் பிடித்து இழுத்து வள்ளத்தில் ஆட்களைக் கொண்டுபோய் விடுவான். வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. போன ஐப்பசியில் அவள் மகள் கமலாட்சிக்கு வலி கண்டபோது வெள்ளம் வந்திருந்தது. தலைப்பிள்ளை, தண்ணீர் வடியும் வரை காத்திருக்கவில்லை; செத்தே பிறந்தது. இப்போது கமலாட்சி மறுபடி முழுகாமல் இருந்தாள். இந்த ஐப்பசிதான் கணக்கு.

"பெரிய பாலம் கேக்கலைங்க," என்றாள் காத்தாயி. "ஒரு ஆளு நடக்கிற மாதிரி தொங்கு பாலம் போட்டாலும் போதுங்க. மழ வந்துட்டா நாங்க வள்ளத்துலதான் போறோம், வாறோம்."

இராஜசிங்கம் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார்.

"என்னத்திலை போறியள் எண்டு சொன்னனீங்கள்?"

"வள்ளத்துலங்க."

அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். விஜேகோன் எழுந்தே விட்டார். "அந்த அம்மாவுக்குக் கதிரை போடுங்கள்," என்றார். தேநீரும் வந்தது, சீனி போட்டு. அரசாங்கக் கதிரையில் உட்கார்ந்து பழக்கமில்லாத காத்தாயி அதன் நுனியில் ஒட்டிக்கொண்டு, பாலம் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். கிடைக்காமலா இவ்வளவு சீனி போடுவார்கள்?

"வள்ளத்திலை என்னென்ன சாமான் ஏத்திறவை?" என்று இராஜசிங்கம் கேட்டார்.

"மொளகு மூட்டைங்க. பலாக்கா. ஒருக்கா ஒரு ஆடு."

'ஏற்றுமதிப் பொருட்கள், கால்நடை' என்று அவர் சிங்களத்தில் எழுதினார்.

"வெளிநாட்டுத் தொடர்பு ஏதும் இருக்கோ?"

காத்தாயி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "எங்க அண்ணன் குடும்பம் போச்சுங்க. ஒப்பந்தம் போட்டு இந்தியாவுக்கு அனுப்பினாங்களே, அப்ப. இங்கேருந்து வள்ளத்துலதான் ஏறினாங்க. எங்கம்மா அந்தக் கரையில நின்னு மண்ண வாரி எறைச்சு அழுதுச்சு. அப்புறம் ரயிலு, அப்புறம் கப்பலு. போனவங்க ஒரு கடுதாசி போட்டாங்க. அதோட சரி."

'சர்வதேசப் பயணிகள் சேவை' என்று இராஜசிங்கம் எழுதினார். எழுதிவிட்டுத் தலையைத் தூக்காமல் இருந்தார். அவர் கல்மனசுக்காரர் அல்ல. சனிக்கிழமை வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

செயலணித் தலைவர் ஆவணியில் நேரில் வந்தார். கடலைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும் என்பதால் மலைநாட்டு மாவட்டங்களை அவர் பொறுப்பில் விட்டிருந்தார்கள். ஜீப்பிலிருந்து இறங்கி ஓயாவைப் பார்த்தார். கணுக்கால் தண்ணீரில் இரண்டு எருமைகள் படுத்திருந்தன.

"ஆழம் போதாதே," என்றார்.

"இது வற்று நேரம், சேர்," என்றார் விஜேகோன்.

"பெருக்கு எப்போது?"

"ஐப்பசியில், சேர்."

"வருஷத்துக்கு ஒரே ஒரு பெருக்கு!" தலைவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "மற்றத் துறைமுகங்களில் நாளுக்கு இரண்டு தடவை. என்ன ஒழுங்கீனம். இதுதான் ஒழுக்கமுள்ள துறைமுகம்."

பிறகு சப்பாத்து நனையாமல் கல்லுக்குக் கல் தாவி அக்கரைக்கும் போய்ப் பார்த்தார். கடற்பயணம் தன்னை இவ்வளவு குறைவாகத் தொந்தரவு செய்தது இதுதான் முதல் தடவை என்று சொன்னதாகக் கேள்வி. முத்துவீரனைத் துறைமுக அதிபதியாக அங்கேயே நியமித்து ஒரு வெள்ளைத் தொப்பியும் கொடுத்தார். சம்பளம் பற்றிக் கேட்டதற்கு, தொப்பி கௌரவத்துக்கானது என்று பதில் வந்தது. முத்துவீரனின் தலை சின்னது. தொப்பி காதுவரை இறங்கி, அவன் ஓயாவைப் பார்க்க வேண்டுமென்றால் நாடியைத் தூக்க வேண்டியிருந்தது.

காத்தாயி விடவில்லை. "ஐயா, பாலம்?" என்று இராஜசிங்கத்தின் பின்னாலேயே போனாள்.

"முதல்லை கப்பல் முடியட்டும் அம்மா. விழாவிலை தலைவர் வாயாலை அறிவிக்கச் சொல்லி விஜேகோன் சேர் எழுதிக் குடுத்திருக்கிறார்."

அது பொய்யில்லை. விஜேகோன் எழுதித்தான் கொடுத்திருந்தார்.

புரட்டாசியில் ஒரு லொறி சீமெந்து வந்தது. பாலத்துக்கென்று லயமே நம்பியது. வேறு எதற்கு ஒரு அரசாங்கம் மீகஸ்தெனியவுக்குச் சீமெந்து அனுப்பும்? வேலை முடிந்து வந்தவர்கள் கூலி கேட்காமல் தோளில் மூட்டை சுமந்தார்கள். கமலாட்சி சுமக்க முடியாதவளாகையால் எல்லாருக்கும் பாலில்லாத சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். கொத்தன்மார் இரண்டு கிழமை வேலை செய்து, லயத்துப் பக்கக் கரையில் ஆளுயரத்துக்கு ஒரு சீமெந்து நங்கூரத்தையும், பெரிய மனிதர்கள் நிற்பதற்குக் கூரை போட்ட ஒரு மேடையையும் கட்டிவிட்டு, வெள்ளை பூசினார்கள்.

"இது என்னாங்க, இவ்வளவு பெரிய கொக்கி?" என்று காத்தாயி கேட்டாள்.

முத்துவீரன் நாடியைத் தூக்கிப் பார்த்தான். "கம்பி மாட்டுறதுக்கா இருக்கும். தொங்கு பாலமுன்னா இழுத்துக் கட்டணும்ல."

அந்தக் கொக்கிக்கு அன்று மாலை காத்தாயி மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினாள். தப்பாகப் போன எத்தனையோ நேர்த்திக்கடன்களைப் பார்த்தவன் நான். சீமெந்து நங்கூரத்துக்குப் பாலம் கேட்டுக் கற்பூரம் காட்டியதைப் போல என் மனசைச் சங்கடப்படுத்தியது வேறில்லை.

விழா ஐப்பசி முதல் வாரம். கப்பல் வரவில்லை. அது எங்கேயோ ஒரு கடற்கரையில் பாதி கட்டிய நிலையில் நின்றது. காசு வந்தால் மீதி கட்டுவார்களாம். அதற்குப் பதிலாக ஒட்டுப்பலகையில் செய்த கப்பலொன்றை ட்ரக்டர் பெட்டியில் ஏற்றி, வாழைமரம் கட்டி, கொடி கட்டி, மேளத்தோடு கொண்டுவந்தார்கள். 'மீகஸ்தெனிய' என்று பக்கவாட்டில் எழுதியிருந்தது. மழை இன்னும் பிடிக்கவில்லை; முழங்கால் தண்ணீரில் ஓயாவைக் கடந்து லயத்துப் பக்க மேட்டில் ஏறும்போது ட்ரக்டர் மூச்சை விட்டுவிட்டது.

இந்த இடத்தில் மீகஸ்தெனியத் தோட்டத்து ஆட்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். மேளம் அடிக்கிறது, வாழைமரம் கட்டியிருக்கிறது, சக்கரத்தின் மேல் அலங்காரத்தோடு ஒன்று உயர்ந்து நிற்கிறது, நகர மாட்டேன் என்கிறது. வருஷா வருஷம் மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்குப் போய் வருகிறவர்களுக்கு இதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தேர் நின்றால் வடம் பிடிக்க வேண்டும். ஊரில் இருந்தது ஒரே வடம். முத்துவீரன் ஓடிப்போய் ஓயாவின் குறுக்கே கட்டியிருந்த வள்ளத்து வடத்தை இரு கரையிலும் அவிழ்த்துக்கொண்டு வந்தான். தண்ணீர் இழுத்துப் போகாமல் வள்ளத்தையும் கரையில் ஏற்றி வைத்தார்கள். ஆண்களும் பெண்களும் வடம் பிடித்து, அரோகரா சொல்லி, போர்க்கப்பலை ஓயாக்கரை மேடைவரை இழுத்து வந்தார்கள். வழிநெடுகத் தேங்காய் உடைந்தது. நிறைமாதக் கமலாட்சியும் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தலைவர் கண்கலங்கிவிட்டார். கடற்படைமீது தமிழ் மக்களுக்கு இவ்வளவு பக்தியா என்று விஜேகோனிடம் கேட்டார். விஜேகோன் ஆம் என்றார். வேறென்ன சொல்வது?

பிறகு தலைவர் ஒலிபெருக்கியின் முன்னால் போய் நின்றார். சிங்களத்தில் அவர் பேசப் பேச, இராஜசிங்கம் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

"கடல் இருக்கும் ஊரைத் துறைமுகமாக்குவதில் என்ன கெட்டித்தனம் இருக்கிறது? அதை இயற்கையே செய்துவிடும். கடல் இல்லாத ஊரைத் துறைமுகமாக்குவதற்குத்தான் ஒரு செயலணி தேவை. எங்களைப் பார்த்து, நீங்கள் என்ன சாதித்தீர்கள் என்று கேட்கிறார்கள். வந்து பார்க்கட்டும். கப்பலைக் கட்டுவது கடினம், பெயர் வைப்பது சுலபம். அதனால்தான் நாங்கள் சுலபமானதை முதலில் செய்து முடித்திருக்கிறோம்."

கைதட்டல். இராஜசிங்கம் தமிழில் சொன்னார். மறுபடி கைதட்டல். தலைவர் சட்டைப் பையிலிருந்து விஜேகோன் எழுதிக் கொடுத்த துண்டை எடுத்து விரித்தார்.

"இந்த மக்கள் ஒரு பாலம் கேட்டதாக இதில் இருக்கிறது."

'பாலம்' என்பதற்கான சிங்களச் சொல் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்தச் சொல் காதில் விழுந்ததும் காத்தாயி கைதட்டினாள். அவள் தட்டியதும் லயமே தட்டியது. சிலர் விசிலடித்தார்கள். தலைவர் கையை உயர்த்தி, சத்தம் அடங்கும்வரை புன்னகையோடு காத்திருந்தார்.

"அது இந்த ஊர் துறைமுகம் ஆவதற்கு முன் கேட்டது. அறியாமல் கேட்டார்கள். குறுக்கே பாலம் கட்டினால் கப்பல் எப்படி உள்ளே வரும்? எந்த நாட்டிலாவது துறைமுக வாசலில் பாலம் கட்டுவார்களா? ஆகவே இன்று முதல் மீகஸ்தெனியவில் பாலம் கட்டுவது தடைசெய்யப்படுகிறது. கடற்படைக்கு நீங்கள் செய்யும் இந்தத் தியாகத்தை நாடு மறக்காது."

முன்வரிசையில் இருந்த அதிகாரிகள் தட்டினார்கள். லயத்து ஆட்கள் பழைய கைதட்டலை இன்னும் விடவில்லை. ஆகவே எல்லாரும் சேர்ந்து தட்டினார்கள். இராஜசிங்கம் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சனம் அவர் வாயையே பார்த்தது.

"பாலம்..." என்றார். "பாலம் கட்டேலாதாம். துறைமுகத்துக்குக் குறுக்கை பாலம் வரக்கூடாதாம்."

கைதட்டல் ஒரே நேரத்தில் நிற்கவில்லை. பின்னால் நின்றவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் தட்டினார்கள்.

விழா முடிந்து புறப்படும்போது, கரையில் கிடந்த வள்ளம் தலைவரின் கண்ணில் பட்டது. இதுதானா துறைமுகத்தின் முதல் கலம் என்று கேட்டு, அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தார். இப்படியான சொத்து மழையில் கிடந்து உக்கக்கூடாது, கொழும்பில் கண்ணாடிக்குள் இருக்க வேண்டும் என்றார். சனம் வடம் பிடித்து இழுத்த காட்சி அவர் மனதை விட்டு அகலவில்லையாம், அதனால் வடத்தையும் சேர்த்துக் கேட்டார். ஒட்டுப்பலகைக் கப்பலைப் பெட்டியிலிருந்து இறக்கி மேடையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் வள்ளத்தை ஏற்றினார்கள். இறக்கமாக இருந்ததால் இந்தத் தடவை ட்ரக்டர் தடையில்லாமல் ஓடியது.

முத்துவீரன் பின்னாலேயே ஓடினான். "ஐயா, வள்ளம் இல்லாம நாங்க எப்புடிங்க போறது?"

ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்த விஜேகோன் அவன் தோளில் தட்டினார். "பயப்படாதே. கப்பல் வரும்."

அந்த மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் கமலாட்சிக்கு வலி கண்டது. மழை காலையிலிருந்தே பெய்தது. வெள்ளம் என்று சொல்ல முடியாது. கழுத்தளவுத் தண்ணீர், கொஞ்சம் இழுப்பு. வள்ளம் இருந்திருந்தால் முத்துவீரன் அதைவிட மோசமான தண்ணீரில் ஆள் கடத்தியிருக்கிறான். வாழைத்தண்டுகளைச் சேர்த்துக் கட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் அதைப் பிரித்துக் கொண்டுபோயிற்று. அக்கரையில், பஸ் பாதையில் வாடகைக்கு ஓடும் ரவூப்பின் முச்சக்கர வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. "இங்கேயே நிக்கிறேன், எப்பிடியாவது கொண்டு வாங்க," என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார்.

கமலாட்சியைப் பெரிய மனிதர்களுக்காகக் கட்டிய மேடையில், ஒட்டுப்பலகைக் கப்பலின் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். அங்கேதான் கூரை இருந்தது. பெண்பிள்ளை பிறந்தது, நன்றாக அழுதது. கமலாட்சிக்கு இரத்தம் நிற்கவில்லை. காத்தாயி தன் சேலையைக் கிழித்துக் கிழித்து வைத்தாள். பொழுது சாய்வதற்கு முன் கமலாட்சி செத்துப்போனாள். ரவூப் விளக்கை அணைத்துவிட்டு, நெடுநேரம் அக்கரையிலேயே நின்றார்.

தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கிய ஒரு புதன்கிழமை, காத்தாயி பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓயாவைக் கடந்து காரியாலயத்துக்கு வந்தாள். செய்தி அங்கே முன்பே வந்திருந்தது. விஜேகோன் எழுந்து நின்றார். கதிரை போடச் சொன்னார். மிகவும் வருந்துவதாகச் சொல்லச் சொன்னார். உண்மையாகவே வருந்தினார். அவருக்கும் மகள்கள் இருந்தார்கள்.

பிறகு பிள்ளையை எட்டிப் பார்த்தார். பெயர் வைத்தாயிற்றா என்று கேட்டார். துறைமுகத்தில் பிறந்த முதல் குழந்தை, கப்பலின் பெயரையே வைத்தால் செயலணி ஒரு பாராட்டுப் பத்திரம் தரும், தானே எழுதிக் கேட்கிறேன் என்றார். இதை இராஜசிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னார்.

காத்தாயி கோபப்படவில்லை. கோபத்துக்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

"பேரு வச்சதெல்லாம் போதுங்க," என்றாள். "எங்க ஊரு பேர அந்தக் கப்பலே வச்சுக்கட்டும். நாங்க திருப்பிக் கேக்க மாட்டோம். துறைமுகமுன்னா பாலம் போடக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? இனிமே நாங்க துறைமுகமும் இல்ல, மீகஸ்தெனியாவும் இல்ல. பேரில்லாத ஊருங்க. பேரில்லாத ஊருக்கு ஒரு பாலம் போட்டுக் குடுக்கச் சட்டத்துல எடமிருக்கான்னு மட்டும் அவருகிட்ட கேட்டுச் சொல்லுங்க. இது பொட்டப்புள்ளைங்க. இதுவும் ஒருநாளைக்கு அந்தக் கரைக்குப் போகணும்."

இராஜசிங்கம் ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னார்.

விஜேகோன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. சுற்றறிக்கைகள் இருந்த அலுமாரியை ஒருமுறை பார்த்தார். நிதானமாக யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"தடை எதுவும் இல்லை," என்றார் சிங்களத்தில். "தாராளமாக விண்ணப்பிக்கலாம். இன்றைக்கே எடுத்துக்கொள்கிறேன். ஊரின் பெயரை மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள்."

இராஜசிங்கம் விண்ணப்பப் படிவத்தை எடுத்தார். ஊரின் பெயர் கேட்ட கட்டத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். காத்தாயி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாங்க சொல்றாங்க?"

"அடுத்த புதன் வரச் சொல்லுறார் அம்மா."